எட்டாம் எண் படம்

என் நாற்காலிக்கு நேர் எதிரே அவள்.
எட்டு மணி நேர ஷிப்ட்.
நடுவில் ஒரு சிவப்புக் கயிறு.
யாரும் அவளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள
மாதம் ஆயிரத்து எழுநூறு வெள்ளி எனக்கு.

பக்கத்துப் பலகையில் மூன்று மொழி:
பூச்சாடிகளுடன் பெண். எண்ணெய் வண்ணம்.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை.
நான்காவது மொழிக்கு
இடம் போதவில்லையாம்.
தமிழில் அவளுக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.

மூடி போட்ட காம்செங் ஜாடி,
இளஞ்சிவப்பில் ஒரு பச்சைப் பறவை.
மரத்தாங்கியில் நிமிர்ந்து நிற்கும் நீலத் தட்டு.
பித்தளைப் படிக்கம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் கடிகாரம், எப்போதும் நாலே கால்.
இவற்றின் நடுவே கபாயா உடுத்தி
அவள்,
மடியில் கைகள், உள்ளங்கை மேல்நோக்கி,
எதையோ இப்போதுதான் இறக்கி வைத்தவள் மாதிரி.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்த டீச்சர் சொன்னார்:
"தனிமை. எழுதிக்கோங்க."
நாற்பது பேனாக்கள் தனிமையை எழுதிக்கொண்டன.
கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்
காத்திருக்கிறாள் என்றார் தன் மனைவியிடம்.
மனைவி அதற்குள்
ஒன்பதாம் படத்துக்குப் போயிருந்தாள்.
ரோப் வாக்கில் பழைய சாமான் கடை வைத்திருந்த மிஸ்டர் கூ
மாதம் ஒரு முறை வருவார்.
அவளைப் பார்த்ததே இல்லை. ஜாடியைத்தான்.
"இந்த அளவு, இப்ப பன்னிரண்டாயிரம்" என்பார்,
அதை நான்தான் விற்றுத் தொலைத்தவள் போல.

மார்ச்சில் ஏர்கான் கெட்டு
ஆள் வராத மூன்று நாள்.
வியர்வையில் யூனிஃபார்ம் ஒட்ட, வேறு வேலையில்லாமல்,
நிழல்களை எண்ணினேன்.

அவள் நிழல் வலப்புறம் சாய்கிறது.
ஜாடியின் நிழல் இடப்புறம்.
படிக்கத்துக்கும் தட்டுக்கும் இடப்புறமே.
கடிகாரத்துக்கு நிழலே போடவில்லை.

அப்படியென்றால்
அவள் காலையில் உட்கார்ந்திருக்கிறாள்,
சாமான்கள் சாயங்காலம் வந்திருக்கின்றன.
ஒரே வெளிச்சத்தில் அவர்கள் சந்தித்ததே இல்லை.
அவள் உட்கார்ந்தபோது மேசை காலி.
துடைக்க ஒன்றுமில்லை.
உடைந்துவிடுமோ என்று பயப்பட ஒன்றுமில்லை.
பிறகு யாரோ
அவளைக் கேட்காமலே
ஒரு வீட்டை வரைந்து கொடுத்திருக்கிறார்கள்,
சீர்வரிசை மாதிரி.

பொறுப்பதிகாரி மிஸ் ஹுய் மின்னிடம் சொன்னேன்.
போனிலிருந்து தலை தூக்காமல்
"அப்படியா" என்றாள்.
சற்று யோசித்துவிட்டு
கயிற்றை அரை அடி பின்னால் தள்ளி வைக்கச் சொன்னாள்.

ஜெலுத்தோங். பிளாட்டில் பதினாலாவது மாடி.
எங்கள் ஷோகேஸில்
லங்காவியில் வாங்கிய கழுகு,
மகன் ஓடி ஜெயித்த இரண்டு கோப்பை,
பாயான் லெப்பாஸ் பேக்டரி
பதினெட்டு வருஷத்துக்காகக் கொடுத்த கடிகாரம்.
பேக்டரி மூடியாயிற்று. அது ஓடுகிறது.

நேற்று விளக்குப் போடாமல் சோபாவில் உட்கார்ந்தேன்.
கைகளை மடியில் வைத்துப் பார்த்தேன், உள்ளங்கை மேல்நோக்கி.
முதலில் கூச்சமாக இருந்தது.
தூரத்தில் பாலத்து விளக்குகள்.
கழுகு போனது.
கோப்பைகள் போயின.
கடிகாரம் சத்தமாகக் கொஞ்ச நேரம் இருந்து
அதுவும் போனது.

குணாளன் கதவைத் திறந்தவர் பயந்துவிட்டார்.
"என்ன இருட்டுல? உடம்புக்கு முடியலையா?
யாருக்காவது காத்திருக்கியா?
அவன் போன் பண்ணானா?
ஏதாவது உடைஞ்சிருச்சா?"
டீச்சர், வெள்ளைக்காரர், மிஸ்டர் கூ,
எல்லோரும் அவர் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா" என்றேன்.

காலையில் காலரி திறக்கப் பத்து நிமிடம் இருந்தது.
கேமரா என் நாற்காலியைத்தான் பார்க்கும், சுவரை அல்ல.
கயிற்றைத் தாண்டிப் போய்
பலகையின் கீழே பென்சிலால் எழுதினேன்.
மூன்றே எழுத்து.
இடம்
மிச்சமே இருந்தது.